ராமென் முதலில், பிங்சு பிறகு

ஆசிய உணவகத்துக்கும் டெசர்ட் கஃபேக்கும் ஒரே மாலையில் போகிறீர்களா? முதல் இடத்தில் அரை வயிறு போதும். ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பான ராமெனைப் படம் எடுத்துக்கொண்டே ஆறவிடாதீர்கள்; சூப்பில் ஊறினால் நூடுல்ஸ் குழைந்துவிடும், சூடாகவே சாப்பிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் "இறைச்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பின் அடிப்படையான டாஷி என்ற சாற்றில் பெரும்பாலும் காய்ந்த மீன் சேரும். புளிக்கவைத்த கொரியக் காய்கறி ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருக்கலாம், தாய் கறி விழுதிலும் இறால் விழுது வழக்கம். "மீன் சாஸ், இறால், மீன் சூப் சேர்த்தீர்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அப்புறம் இனிப்பு. துருவிய பனிக்கட்டியில் செய்யும் கொரியப் பிங்சு பெரிய கிண்ணத்தில் வரும், இரண்டு பேருக்கு ஒன்று தாராளம். மரவள்ளி மாவு முத்துகள் போட்ட பபிள் டீயில் சர்க்கரை அளவைப் பல கடைகளில் நீங்களே சொல்லலாம். பாதி என்றாலே நன்றாக இனிக்கும். அதை வீட்டுக்கு வாங்கிப்போய் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், முத்துகள் கெட்டியாகிவிடும். பச்சைத் தேயிலைப் பொடியான மட்சாவில் கஃபீன் உண்டு, இரவில் தூக்கம் வராதவர்கள் தவிர்க்கலாம். சிறு குழந்தைகளுக்கு ஒட்டும் அரிசி மாவு உருண்டையான மோச்சியும் பபிள் டீ முத்துகளும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.