ஈழம் யார் கையில் இருந்தது? சோழர் காலப் போர்களைச் சான்றுகளிலிருந்து படிக்கும் முறை

சோழர் ஈழத்தை, அதாவது இலங்கையை, எவ்வளவு காலம், எவ்வளவு தூரம் ஆண்டார்கள் என்று அறிய, இரு தரப்புச் சான்றுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். சோழர் பக்கம் மெய்க்கீர்த்திகளும் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் பகுதி) கோயில் கல்வெட்டுகளும். ஈழத்தின் பக்கம் பாலி மொழியில் எழுதப்பட்ட வரலாற்று நூலான சூளவம்சம். ஒன்றை மட்டும் நம்பினால் அந்தத் தரப்பின் வெற்றி முழக்கம்தான் மிஞ்சும்.

முதல் வேலை ஆண்டுக் கணக்கு. கல்வெட்டில் ஆட்சியாண்டுதான் இருக்கும். முடிசூடிய ஆண்டோடு அதைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். முடிசூடிய ஆண்டே முதல் ஆட்சியாண்டு. பலரும் தவறுவது இந்த ஒன்றில்தான். ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தன் அரசனானது 982இல். அவனது 36ஆம் ஆண்டில் சோழர் அவனைச் சிறைபிடித்ததாகச் சூளவம்சம் சொல்கிறது: 982 + 36 − 1 = 1017. ராஜேந்திர சோழன் முடிசூடியது 1012இல். ஈழ வெற்றி பேசப்படும் அவனது 5ஆம் ஆண்டு 1016-17. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆட்சியாண்டு ஜனவரியில் தொடங்காது, ஆகவே 1016-17 என்று இரட்டையாகவே குறித்து வையுங்கள்.

அடுத்து மெய்க்கீர்த்தி. வெற்றிகள் சேரச் சேர அதுவும் நீளும். ராஜேந்திரனின் 'திருமன்னி வளர' மெய்க்கீர்த்தியை ஆண்டு வாரியாக அடுக்கி, ஈழப் பகுதி முதலில் எந்த ஆண்டில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். போர் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த வரிகளில் ஈழத்தரசர் முடி, தேவியர் முடி, இவற்றோடு தென்னவர் (பாண்டியர்) அங்கே வைத்துச் சென்ற சுந்தர முடியும் இந்திரன் ஆரமும் வருகின்றன. பாண்டியன் ராஜசிம்மன் ஈழத்தில் ஒப்படைத்துப் போன அந்த முடியை, முந்தைய சோழ மன்னன் முதலாம் பராந்தகனே கேட்டும் பெற முடியவில்லை. மண்ணுக்காக மட்டும் நடந்த போர் அல்ல இது.

'ஈழமண்டலம் முழுவதும்' என்ற சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். ஆட்சி நடந்ததற்கு அடையாளம் வரியும் நிலக்கொடையும்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஈழத்து ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது; அங்குள்ள வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயிலில் பிற்காலச் சோழ மன்னன் அதிராஜேந்திரன் காலக் கல்வெட்டு வரை கிடைக்கிறது. இத்தகைய இடங்களை வரைபடத்தில் குறியுங்கள்: மாதோட்டம், பொலன்னறுவை, திருகோணமலைப் பக்கம் நெருக்கமாக விழும், இலங்கையின் தென்பகுதியான உரோகணம் வெறுமையாக நிற்கும். அங்கிருந்து புறப்பட்ட முதலாம் விஜயபாகுதான் 1070இல் பொலன்னறுவையைப் பிடித்தான்.

சான்றுகள் நேருக்கு நேர் மோதும் இடம் 12ஆம் நூற்றாண்டு. பாண்டிய வாரிசுச் சண்டையில் ஈழத்து மன்னன் முதலாம் பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனை அனுப்பினான். சூளவம்சம் இலங்காபுரனின் வெற்றியோடு கதையை நிறுத்துகிறது. சோழர் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டது என்கிறது. எது பொய் என்று தேடுவதைவிட, எது எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று பிரியுங்கள். இதற்கு ஆர்ப்பாக்கம் கல்வெட்டு உதவும்: ஈழப் படையை விலக்க சைவ ஆசாரியர் உமாபதிதேவர் 28 நாள் பூசை செய்ததாகவும், அந்த ஊரே அவருக்குக் கொடையானதாகவும் அது பேசுகிறது. சோழ நாட்டில் அத்தனை அச்சம் இருந்ததைச் சோழ நாட்டுக் கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. ஆகவே தொடக்கத்தில் ஈழப்படை முன்னேறியது உண்மை. பிறகு சோழ மன்னன் இரண்டாம் ராஜாதிராஜனின் 12ஆம் ஆண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டைப் படியுங்கள். அதற்குள் சோழர், பராக்கிரமபாகுவின் மருமகன் சீவல்லபனையே அவனுக்கு எதிராக நிறுத்தியிருப்பார்கள்.