நீட் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது? தேதி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீட் எழுதுவதா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. நீட்டுக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குத் தேர்வு நாள் காலை வரைகூட யோசிக்கலாம். இரண்டாவதற்கு ஏறத்தாழ நான்கு வாரம்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விண்ணப்பத் தேதி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் கடைசி நாள் வரை இழுக்கிறார்கள், சிலர் கையில் காகிதமே இல்லாமல் முதல் நாளே உட்காருகிறார்கள், சிலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மூன்றிலும் அதிகம் இழப்பவர் கடைசியில் சொன்னவர்தான். அவரிடமிருந்தே தொடங்கலாம்.

"இன்னும் தயாராகவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்"

பிப்ரவரியில் எந்த ப்ளஸ் டூ மாணவரைக் கேட்டாலும் தயாராக இல்லை என்றுதான் சொல்வார். செய்முறைத் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். மார்ச் முதல் வாரத்தில் பொதுத்தேர்வு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாதி மறந்திருக்கும். அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவு சரியாக இருக்க வாய்ப்புக் குறைவு. 2025-ல் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு மார்ச் 25-ல் முடிந்தது, நீட் மே 4-ல் நடந்தது. இடையில் ஏறத்தாழ ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு முன்னேறும் என்பதை பிப்ரவரியில் யாராலும் சொல்ல முடியாது.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் போல ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இங்கே இரண்டு வாய்ப்பு இல்லை. நீட் ஆண்டுக்கு ஒருமுறைதான். விண்ணப்பிக்காமல் விட்டால் அந்த ஆண்டு போனது போனதுதான். விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாவிட்டால் போவது கட்டணம் மட்டும். 2025-ல் அது பொதுப் பிரிவுக்கு 1700 ரூபாய், ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) மற்றும் இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்தோர்) பிரிவுக்கு 1600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 1000. சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன், பல வீடுகளில் அது மாதக் கடைசியின் மளிகைச் செலவு. ஆனாலும் ஒரு வருடத்தை விடச் சிறியது. 2024-ல் விண்ணப்பித்தவர்கள் 24,06,079 பேர், எழுதியவர்கள் 23,33,297 பேர். மிச்சம் 72 ஆயிரத்துச் சொச்சம் பேர் தேர்வுக்கு வரவில்லை.

குறைந்த மதிப்பெண் வாங்கினால் அது ஒட்டிக்கொண்டே வரும் என்றொரு பயம் உண்டு. வராது. அடுத்த ஆண்டு எழுதினால் அந்த ஆண்டு மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை, உச்ச வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். ஆக, ஒரு வருடம் தனியாக உட்கார்ந்து படிப்பதா என்ற முடிவை எடுக்க வேண்டிய நேரம் நீட் தேர்வு முடிவு வெளியான பிறகு, கையில் ஒரு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு. எதில் சறுக்கினோம், எத்தனை மதிப்பெண் தூரம் என்று அப்போதுதான் தெரியும். எழுதாமலே ஒரு வருடம் தள்ளிப் போடுபவருக்கு அந்த அளவுகோலே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நீட் மதிப்பெண் எம்பிபிஎஸ்ஸுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். கால்நடை மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கும் (எந்த மாநிலத்தவரும் போட்டியிடக்கூடியவை) அதே மதிப்பெண்தான், தமிழ்நாட்டு இடங்களுக்கு மட்டும் ப்ளஸ் டூ மதிப்பெண். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்கும் யோசனை இருந்தாலும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும், அந்தத் தகுதி மூன்று ஆண்டு செல்லும். "வெளிநாடுதானே, நீட் எதற்கு" என்று சொல்லும் ஏஜென்ட் யாராவது இருந்தால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

சரி, யார் விண்ணப்பிக்க வேண்டாம்? மருத்துவத்தில் விருப்பமே இல்லாத பிள்ளை. அப்பாவுக்கு ஆசை, மாமாவுக்குப் பெருமை என்பதற்காக மூன்று மணி நேரம் உட்கார வைப்பதில் யாருக்கும் பயன் இல்லை. அப்புறம், பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர். "பழக்கத்துக்கு ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்" என்று சிலர் விவரத்தை மாற்றிப் போட்டு விண்ணப்பிக்கப் பார்க்கிறார்கள். அந்த ஆண்டு ப்ளஸ் டூ எழுதுபவரும் ஏற்கெனவே முடித்தவரும்தான் தகுதியானவர்கள். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்கவும் வேண்டும். பழகிப் பார்க்க மாதிரித் தேர்வு போதும்.

அண்ணன் விண்ணப்பித்த மாதம் தம்பிக்கு உதவாது

2020 தேர்வுக்கு விண்ணப்பம் 2019 டிசம்பர் 2-லேயே தொடங்கியது. 2021-ல் ஜூலை 13. 2022-ல் ஏப்ரல் 6. 2023-ல் மார்ச் 6. 2024-ல் பிப்ரவரி 9. 2025-ல் பிப்ரவரி 7. கொரோனா கலைத்துப் போட்ட காலண்டர் மெல்ல மெல்லப் பழைய இடத்தை நோக்கி நகர்ந்தது என்று இதைப் படிக்கலாம். அக்காவோ அண்ணனோ ஏப்ரலில் விண்ணப்பித்ததை நினைவில் வைத்துக்கொண்டு பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால், 2025-ல் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஜனவரி பிறந்ததும் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தை வாரம் இருமுறையாவது நீங்களே பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தேதிப் பட்டியல் போன வருடத்துப் படமாகவும் இருக்கலாம்.

"எப்படியும் தேதியை நீட்டிப்பார்கள்"

இந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் மே 6 என்று சொன்னது மே 15 ஆகி, பிறகு மே 20 ஆனது. 2023-ல் ஏப்ரல் 6-ல் மூடியதை மீண்டும் 11 முதல் 13 வரை திறந்தார்கள். 2024-ல் மார்ச் 9 என்பது 16 ஆனது, அதுவும் போதாமல் ஏப்ரல் 9, 10 இரண்டு நாள் திறந்தார்கள். மூன்று வருடம் தொடர்ந்து இப்படி நடந்தால் யாருக்கும் பழகிவிடும். 2025-ல் மார்ச் 7 என்றார்கள், மார்ச் 7-லேயே மூடிவிட்டார்கள்.

கடைசி நாளை நம்பக்கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டு மாணவருக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. 2025-ல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3-ல் தொடங்கியது. அதாவது நீட் விண்ணப்பத்தின் கடைசி ஐந்து நாளும் பொதுத்தேர்வு நாட்கள். 2024-லும் மார்ச் 1-ல் பொதுத்தேர்வு, மார்ச் 9-ல் முதல் கெடு. தமிழ்த் தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளை அன்று இரவு ஓடிபிக்காகக் காத்துக்கொண்டு உட்காருவதெல்லாம் தேவையில்லாத தண்டனை.

பணம் கட்டும் இடத்தில்தான் கடைசி நாள் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. கணக்கில் பணம் கழிந்துவிடும், ஆனால் உறுதிப்படுத்தும் பக்கம் வராது. அந்தப் பக்கம் வரும்வரை விண்ணப்பம் முடிந்ததாகக் கணக்கில்லை. கழிந்த பணம் திரும்பி வரும், ஆனால் மறுபடி கட்டியாக வேண்டும். பத்து நாள் மீதம் இருந்தால் இது ஒரு சின்னத் தொல்லை. இரவு பதினொன்றரை மணிக்கு என்றால் கதை வேறு. பயத்தில் புதிதாக இன்னொரு விண்ணப்பம் தொடங்குபவர்களும் உண்டு, அது அதைவிட ஆபத்து. ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான்.

முதல் நாளே முந்துவதும் அவசியமில்லை

தாமதத்துக்குப் பயந்து சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், தளம் திறந்த அன்றே முடித்துவிட வேண்டும் என்று. முதல் நாளே விண்ணப்பித்தாலும் கேட்ட ஊரே மையமாகக் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. 2024-ல் விண்ணப்பம் தொடங்கியபோது வெளிநாட்டு மையங்கள் பட்டியலிலேயே இல்லை. துபாயிலும் குவைத்திலும் இருந்த நம் பிள்ளைகள் வேறு வழியின்றி இந்திய ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாள் கழித்து 14 வெளிநாட்டு நகரங்களைச் சேர்த்தார்கள், ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் திருத்த நாட்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் வாரத்தை முகமை வெளியிடும் தகவல் குறிப்பேட்டைப் படிக்க ஒதுக்கிவிட்டு, இரண்டாவது வாரத்தில் விண்ணப்பித்து முடிப்பதுதான் என் கணக்கு.

ஆனால் அதற்கான வேலை டிசம்பரிலேயே தொடங்க வேண்டும், சான்றிதழ் விஷயம் அப்படி. தமிழ்நாட்டில் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதாலேயே நீட் படிவத்தில் ஓபிசி என்று போட்டுவிடுகிறார்கள். அங்கே கேட்பது மத்திய அரசுப் பட்டியலின்படியான ஓபிசி, அதிலும் கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவர்கள். மாநில பிசி பட்டியலில் உள்ள சாதிகள் எல்லாம் மத்தியப் பட்டியலில் இல்லை. கிரீமி லேயருக்கு 8 லட்சம் ரூபாய் என்ற வருமான வரம்பும் உண்டு, எந்த வருமானத்தைச் சேர்ப்பது என்பதற்குத் தனி விதிகள் இருப்பதால் தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. இந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகர்ந்து வர நாளாகும். பிப்ரவரியில் போய் நின்றால் தாலுகா முழுக்க அதே வரிசையில் நிற்கும்.

இதில் பெற்றோர் தேவையில்லாமல் பயப்படும் இடம் ஒன்று உண்டு. மத்தியப் பட்டியலில் வராததாலோ கிரீமி லேயர் என்பதாலோ நீட் படிவத்தில் பொதுப் பிரிவு என்று போட வேண்டியிருந்தால், தமிழ்நாட்டுக் கலந்தாய்விலும் பிசி உரிமை போய்விடுமோ என்று நினைக்கிறார்கள். போகாது. மாநில இடங்களுக்கு நீட் முடிவு வந்த பிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அங்கே மாநிலச் சாதிச் சான்றிதழ்தான் பேசும். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் என்ற பேச்சே இல்லை. நீட் படிவத்தில் போட்ட பிரிவு முக்கியமாவது அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்குத்தான்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர். நம் ஊரில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் சங்கதி. ஆதாரில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் அதற்கும் டிசம்பர்தான் நேரம். ஆதாரோடு இணைத்த செல்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புகைப்படம், கைரேகை போன்றவற்றுக்குக் குறிப்பேட்டில் அளவு சொல்லியிருப்பார்கள், அதன்படி ஸ்டுடியோவில் சொல்லி எடுத்தால் முடிந்தது.

யார் கையால் விண்ணப்பிப்பது

பல அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களே கணினி ஆய்வகத்தில் உட்கார வைத்து விண்ணப்பித்துத் தருகிறார்கள். அந்த வசதி இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், பள்ளி சொல்லும் நாளைத் தவறவிடாதீர்கள். பிரவுசிங் சென்டரில் செய்வதாக இருந்தால் ஒன்றே ஒன்று: கடைக்காரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். நுழைவுச்சீட்டு, முடிவு, பிறகு கலந்தாய்வு வரை ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். ஜூலையில் அந்தக் கடையே இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

மையம் கேட்கும் இடத்தில் பக்கத்து ஊர்களையே வரிசையாகப் போடுங்கள். 2018-ல் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்குக் கேரளத்திலும் சிலருக்கு ராஜஸ்தானிலும் மையம் விழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போது தேர்வை நடத்தியது சிபிஎஸ்இ. இப்போதும் நீங்கள் கேட்காத ஊரை ஒதுக்கும் உரிமையை முகமை தன்னிடம் வைத்திருக்கிறது, ஆகவே நாம் செய்யக்கூடியது விருப்ப ஊர்களில் ஒன்றைக்கூட வீணாக்காமல் இருப்பது மட்டும். வினாத்தாள் மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் தமிழோடு ஆங்கிலமும் சேர்ந்த தாள் வரும். ஆங்கிலம் என்று போட்டால் தமிழ் வராது.

விண்ணப்ப நாட்கள் முடிந்ததும் திருத்தத்துக்கென்று இரண்டு மூன்று நாள் தருவார்கள். 2025-ல் அது மார்ச் 9 முதல் 11 வரை. "தப்பு இருந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்" என்று அவசரமாக நிரப்பி வைப்பவர்கள் இரண்டை மறக்கிறார்கள்: எல்லா விவரத்தையும் அதில் மாற்ற முடியாது, செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மாற்ற முடியாதவற்றில் சேர்ந்தவை. அதோடு அந்த மூன்று நாளும் பொதுத்தேர்வுக்கு நடுவில்தான் வரும். உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்த அன்றே, பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் தனித்தனியாக ஒருமுறை சரிபார்த்து, தவறு ஏதும் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்த நாள் வந்ததும் பெற்றோரே உட்கார்ந்து அதை முடித்துவிடலாம், ஓடிபி வரும் செல்பேசி மட்டும் வீட்டில் இருந்தால் போதும்.