லவ் பேர்ட்ஸ் ஜோடி போடும் முன்: குஞ்சின் நிறத்தைக் கணக்குப் போடும் முறை

பச்சை ஆண், பச்சைப் பெண். பானைக்குள் பார்த்தால் நாலு குஞ்சில் ஒன்று நீலம். இது எப்படி நடந்தது, அடுத்த ஈட்டில் எத்தனை நீலம் எதிர்பார்க்கலாம் என்பதை ஒரு பேனாவும் தாளும் இருந்தால் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடலாம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற பட்ஜெரிகர் (ஆஸ்திரேலியாவின் சிறு கிளி) இந்தக் கணக்கைப் பழக மிகவும் ஏற்ற பறவை.

முதலில் நிறம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இறகின் நுண்ணமைப்பு நீலத்தைக் காட்டும். அதன் மேல் மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. நீலப் பறவைக்கு அந்த மஞ்சள் உருவாவதில்லை. மஞ்சளை உண்டாக்க ஒரு நல்ல ஜீன் போதும், அதனால் பச்சை ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு. ஒவ்வொரு பறவைக்கும் இந்த ஜீன் இரண்டு பிரதி: ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. பச்சைக்கு ‘ப’, நீலத்துக்கு ‘நீ’ என்று எழுதுவோம்.

நீலப் பறவை என்றால் சந்தேகமே இல்லை, ‘நீநீ’. பச்சை என்றால் ஒரு எழுத்துதான் உறுதி. ‘ப_’ என்று எழுதி இரண்டாவதைக் காலியாக விடுங்கள். அதன் பெற்றோரில் ஒன்று நீலம் என்று தெரிந்தாலோ, அதற்கு ஒருமுறையாவது நீலக் குஞ்சு பிறந்திருந்தாலோ அது ‘பநீ’. ஒடுங்கு ஜீனை வெளியே தெரியாமல் சுமக்கும் இப்படிப்பட்ட பறவையைத்தான் வளர்ப்பவர்கள் ஸ்ப்ளிட் என்பார்கள். ஆதாரம் இல்லாமல் அந்தக் காலியிடத்தை நிரப்பினால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் வீண்.

இரண்டு ஸ்ப்ளிட் பச்சைகளைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். பள்ளியில் படித்த புன்னட் கட்டம்தான். மேலே அம்மாவின் எழுத்துகள், பக்கவாட்டில் அப்பாவின் எழுத்துகள்:

அம்மா: ப | நீ
அப்பா ப: பப | பநீ
அப்பா நீ: பநீ | நீநீ

நாலில் மூன்று பங்கு பச்சை, ஒரு பங்கு நீலம். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கும் இதே விகிதம்தான்: உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. அவரிடம் ஏழாயிரத்துக்கு மேல் விதை இருந்தது. நம் பானையில் இருப்பது நாலைந்து முட்டை. கட்டம் சொல்வது ஒவ்வொரு முட்டைக்குமான வாய்ப்பை. முதல் மூன்றும் பச்சை என்பதால் நாலாவது நீலமாகியே தீர வேண்டும் என்றில்லை. நாலு குஞ்சும் பச்சையாகவே வர 256-இல் 81 வாய்ப்பு, ஏறக்குறைய 32 சதவீதம்.

வாங்கி வந்த பச்சை ஸ்ப்ளிட்டா என்று அறிய அதை நீலத்தோடு சேருங்கள். இதுதான் சோதனைக் கலப்பு. ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தால் தீர்ந்தது, அது ஸ்ப்ளிட். ஐந்தும் பச்சை என்றால்? ஸ்ப்ளிட் பறவைக்கு அப்படி நேர 32-இல் 1 வாய்ப்பு உண்டு. ஏழும் பச்சை என்றால் 128-இல் 1. இரண்டு ஈடு பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

சிவப்புக் கண் லுட்டினோ (பச்சை வகையில் வரும் மஞ்சள்), அல்பினோ (நீல வகையில் வரும் வெள்ளை) இரண்டுக்கும் கணக்கு வேறு. இவற்றை உண்டாக்கும் ஐனோ ஜீன், ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோம்களில் ஒன்றான இசட்டில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஐனோவும் ஒடுங்கு பண்பே. பெண்ணுக்கு இசட் ஒன்றே ஒன்று என்பதால் ஐனோ இருந்தால் வெளியே தெரிந்துவிடும். ‘ஐனோ ஸ்ப்ளிட் பெண்’ என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள், அப்படி ஒரு பறவை இருக்க முடியாது.

ஐனோ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் பெண் குஞ்சுகள் எல்லாம் ஐனோ, ஆண் குஞ்சுகள் எல்லாம் சாதாரணத் தோற்றத்தில் ஸ்ப்ளிட். பொரித்த முதல் நாளே, மூடிய இமைத் தோலுக்கு அடியில் கண் சிவப்பாகத் தெரிகிறதா கருப்பாகத் தெரிகிறதா என்று பார்த்துப் பெண், ஆண் பிரித்துவிடலாம். திருப்பிப் போட்டு, சாதாரண ஆணோடு ஐனோ பெண்ணைச் சேர்த்தால் ஒரு ஐனோவும் வராது. ஆண்கள் மட்டும் ஸ்ப்ளிட் ஆவார்கள்.

இரண்டையும் சேர்த்தும் போடலாம். நீல ஸ்ப்ளிட் உள்ள லுட்டினோ ஆண், சாதாரண நீலப் பெண்: பச்சை ஆண், நீல ஆண், லுட்டினோ பெண், அல்பினோ பெண் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு.

நிறத்தை அடர்த்தியாக்கும் டார்க் ஃபேக்டர் ஜீன் இன்னொரு வகை, முழுமையற்ற ஓங்குத்தன்மை. ஒரு பிரதி இருந்தால் கரும்பச்சை, இரண்டு இருந்தால் ஆலிவ். நீலத்தில் அதுவே கோபால்ட், மாவ். பச்சையிலும் நீலத்திலும் இது ஒளிந்திருக்க இடமில்லை.

கணக்கு பொய்க்கும் இடங்களில் முதலாவது காலனி கூண்டு. பத்து ஜோடியை ஒன்றாக விட்டால் பானைக்கு வெளியே காவல் நிற்கும் ஆண்தான் எல்லா முட்டைக்கும் அப்பா என்று சொல்ல முடியாது. ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி என்று வையுங்கள். நீலமும் நீலமும் சேர்ந்து பச்சை பிறந்தால் அப்பா வேறு, அல்லது முட்டை வேறு. ஜோடி மாற்றும்போதும் கவனம் வேண்டும்: பெண் பறவை விந்தணுவை உடலில் சேமித்து வைக்கும். குறைந்தது மூன்று வாரம் தனியே விட்டுப் புது ஆணைச் சேருங்கள்.

அடுத்தது வெள்ளை இறகு. அல்பினோவுக்கு அடியில் டார்க் ஃபேக்டரோ பைடோ (திட்டுத் திட்டான நிறம்) இருந்தாலும் தெரியாது. கருங்கண் வெள்ளை என்றால் அது அல்பினோ இல்லை, ஸ்பாங்கிள் என்ற வேறொரு ஜீன் இரண்டு பிரதி உள்ள இரட்டை ஸ்பாங்கிளாக இருக்கலாம். அதற்கு ஐனோ கணக்கைப் போடாதீர்கள்.

நோட்டில் ஜோடி எண், பெற்றோர் எழுத்துகள், பொரித்த தேதி, ஒவ்வொரு குஞ்சின் நிறம், கண் ஆகியவற்றை எழுதுங்கள். கூட்டிலேயே இறந்த குஞ்சையும் விடாமல். அதை விட்டால் விகிதம் சாயும். பொரித்த 5 முதல் 10 நாளுக்குள் காலில் மூடிய வளையம் போட்டால், சுமார் 35 நாளில் வெளியே வந்த பிறகும் எது யார் குஞ்சு என்று குழம்பாது.

ஸ்ப்ளிட் குஞ்சுகள் கிடைத்ததும் அண்ணன் தங்கையைச் சேர்த்து நீலம் எடுக்க நினைப்பார்கள். அதில் கிடைப்பது 25 சதவீதம்தான், கூடவே உறவுக் கலப்பால் முட்டை பொரியாமல் போவதும் குஞ்சு நலிவதும் கூடும். வேறு இடத்திலிருந்து ஒரு நீலப் பறவையை வாங்கி அதே ஸ்ப்ளிட்டோடு சேருங்கள்: 50 சதவீதம் நீலம், மீதிப் பச்சையும் ஸ்ப்ளிட் என்று உறுதியாகத் தெரிந்த பறவை.