துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொடுப்பது எப்படி? புதிய உரிமதாரர்களுக்கான செய்முறை விளக்கம்

பயிர்ப் பாதுகாப்புக்காகவோ தற்காப்புக்காகவோ உரிமம் பெற்று 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கி வைத்திருப்பவர், அது பழுதானால் ஊரிலுள்ள லேத் பட்டறையில் கொடுத்துவிட முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆவது பிரிவின்படி, துப்பாக்கியைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றிப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. அதை மீறிப் பழுதுபார்ப்பவருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, 7 ஆண்டுக்குக் குறையாத சிறையும் அதிகபட்சமாக ஆயுள் தண்டனையும் கிடைக்கும்.

ஆகவே முதலில் பழுதுபார்ப்பவருடைய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பனைக்கு உரிமம் இருந்தாலே பழுதுபார்க்கலாம் என்று எடுத்துக்கொள்ளாமல், அதில் பழுதுபார்த்தல் குறிப்பிடப்பட்டுள்ளதா, கடையின் முகவரி பொருந்துகிறதா, காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். முறையாகத் தொழில் செய்பவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து, உங்கள் உரிமத்துடன் நீங்களே துப்பாக்கியை எடுத்துச் செல்வது நல்லது. 3ஆவது பிரிவின்படி, பழுதுபார்ப்பதற்காக வேறொருவர் எடுத்துச் செல்லலாம்; ஆனால் நீங்கள் உடனிருக்க வேண்டும், அல்லது எழுத்துமூலம் அதிகாரம் அளித்திருக்க வேண்டும். தோட்டாக்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். “தோட்டா இல்லை” என்று நீங்கள் சொன்ன பிறகும், பழுதுபார்ப்பவர் குழலைத் தரையை நோக்கிப் பிடித்து, மடக்கித் திறந்து, தோட்டா வைக்கும் அறையை (இரட்டைக் குழலானால் இரண்டையும்) வெளிச்சத்தில் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். திறந்து பார்க்காமல் வாங்கி மூலையில் சாய்த்து வைப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

பிறகு அவர் உங்கள் உரிமத்தையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தயாரிப்பாளர் பெயர், போர் அளவு, எண், நீங்கள் சொன்ன குறை, கொடுத்த தேதி ஆகியவை அடங்கிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

தொழில்திறமை தெரியுமிடம் ஆய்வுதான். குழலினுள் துருக்குழிகளோ வீக்கமோ உண்டா, மூடிய நிலையில் குழலுக்கும் பின்பகுதிக்கும் இடையே ஆட்டம் இருக்கிறதா, பாதுகாப்புப் பூட்டு பிடிக்கிறதா என்பவற்றை அவர் தாமாகவே பார்க்க வேண்டும். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியானால் அறையின் நீளத்தையும் அளந்து சொல்ல வேண்டும். 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டா தடையின்றி நுழைந்துவிடும், ஏனெனில் அதன் முனை மடித்து மூடப்பட்டிருக்கிறது. சுடும்போது அந்த மடிப்பு விரிய இடம் போதாமல் அழுத்தம் அளவுக்கு மீறி உயரும். இந்த விவரம் தெரியாமலேயே தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்குப் பிறகு செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். “இதைச் சுடவே கூடாது” என்று அவர் சொன்னால், வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லும் அந்தச் சொல்லை மதிப்பதே சரி.

சிலவற்றை அவர் மறுத்தே ஆக வேண்டும். குழலைக் குறுக்குவதற்கும், பொம்மைத் துப்பாக்கியை உண்மையான துப்பாக்கியாக மாற்றுவதற்கும் 6ஆவது பிரிவின்படி தனி உரிமம் தேவை. எண்ணை அழிப்பதும் திருத்துவதும் 8ஆவது பிரிவின்படி குற்றம். எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் அனுமானிக்கும். துருவைத் தேய்த்து மெருகேற்றும்போது எண் மங்கிவிடக்கூடும் என்பதால், மெருகு வேலைக்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

திரும்பப் பெறும்போதும் அவர் உரிமத்தைக் கேட்க வேண்டும். மாற்றிய பழைய பாகங்களையும் செய்த வேலையின் விவரத்துடன் பில்லையும் வாங்குங்கள். எண்ணை ரசீதுடன் ஒப்பிடுங்கள். வேலையில் குறையிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். உரிமமின்றி வேலை செய்தல், எண்ணைத் திருத்துதல் போன்றவை குற்றங்கள் என்பதால், அவற்றை உரிமம் வழங்கும் அதிகாரியிடமோ காவல் நிலையத்திலோதான் தெரிவிக்க வேண்டும்.