வாட்ச் திரை எப்போது எரியணும்? சார்ஜ் நிற்க செட்டிங்ஸ் மாற்றும் முறை

"இன்னா மச்சான், அட்டையில ஏழு நாள் வரும்னு போட்டுக்கீறான். மூணாவது நாள் காலையிலயே செத்துப்போவுது?"

அக்கா வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனவர், போன இடத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்மார்ட்வாட்ச். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் அவர் வழக்கமாகப் போகும் கேரம் கிளப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

மாமா வலது கையில் வாட்ச் கட்டுகிறவர். ஸ்ட்ரைக்கரை அடித்துவிட்டுக் கையை நெஞ்சுப் பக்கம் இழுக்கிறார், திரை பளிச். பவுடர் தட்டுகிறார், பளிச். எதிராளி குறி பார்க்கும்போது மோவாயில் கை வைக்கிறார், பளிச். ஒரு தடவை எரிந்தால் இருபது விநாடி எரிகிறது. அது அணைவதற்குள் அடுத்த அடி. ஒரு போர்டு முடிவதற்குள் திரை அணைந்திருந்த நேரம் ரொம்பக் கொஞ்சம். அந்த நேரத்தில் மாமா மணி பார்த்தது ஒரே ஒரு தடவை.

புதிதாக வாட்ச் வாங்கியவர்கள் பலருக்கு இதே கதைதான். மாமாவுக்கு அன்றைக்கு என்னென்ன மாற்றிக் கொடுத்தேனோ அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். வாட்சைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில்: உங்கள் திரை என்ன ரகம்?

இது தெரியாமல் எதையும் மாற்றிப் பயனில்லை. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, பின்னணி கறுப்பாக இருக்கும் ஒரு வாட்ச் ஃபேஸை (மணி காட்டும் முகப்புப் படத்தை) வைத்துப் பாருங்கள். கறுப்பு இடம் அறை இருட்டோடு கலந்து கன்னங்கரேலென்று இருந்தால் அது அமோலெட். கறுப்பு இடத்திலும் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம் கசிந்தால் எல்சிடி. கடைகளில் டிஎஃப்டி என்று எழுதியிருப்பதும் எல்சிடி வகைதான்.

எல்சிடி என்பது டியூப்லைட் முன்னால் கலர் பேப்பர் ஒட்டின மாதிரி. படம் கறுப்பாக இருந்தாலும் பின்னால் விளக்கு முழுசாக எரிந்துகொண்டுதான் இருக்கும். அமோலெட் கார்த்திகைக்கு வாசலில் வைக்கிற அகல் மாதிரி; ஏற்றின அகலுக்கு மட்டும்தான் எண்ணெய் செலவு. கறுப்புப் புள்ளி என்றால் ஏற்றாத அகல். அதனால் அமோலெட் வாட்சில் கறுப்புப் பின்னணி வைத்தால் சார்ஜ் மிச்சமாகும். எல்சிடியில் அழகுக்கு வைக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற போன்களில் 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணம். வாட்சில் பெரும்பாலும் 200 முதல் 400 வரைதான். போனில் கண்ணுக்கே தெரியாத செலவு வாட்சில் கண்ணைக் குத்தும்.

படி 1: ஸ்கிரீன் டைம்அவுட்டைக் குறையுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்வேன். அதிகப் பலன், தொந்தரவு குறைவு. திரை ஒருமுறை எரிந்தால் எத்தனை விநாடி கழித்துத் தானாக அணைய வேண்டும் என்கிற அமைப்பு இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 150 தடவை திரை எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 விநாடி வைத்திருந்தால் மொத்தம் 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். 15 விநாடி என்றால் முப்பத்தேழரை நிமிடம். மாமா வாட்சில் இருந்த 20 விநாடி என்றால் 50 நிமிடம். மணி பார்க்க மனுஷனுக்கு இரண்டு விநாடி போதும். மீதி எல்லாம் யாரும் பார்க்காமல் எரிகிற விளக்கு.

விலை குறைந்த வாட்ச்களில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே என்று போனால் 'ஸ்கிரீன் டைம்' அல்லது 'ஸ்கிரீன் டைம்அவுட்' என்று இருக்கும். 5 விநாடி வையுங்கள். சாம்சங் கேலக்ஸி வாட்சிலும் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஸ்கிரீன் டைம்அவுட்தான் வழி. இருப்பதிலேயே குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் வாட்சில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ், வேக் டியூரேஷன். அங்கே 15, 70 என்று இரண்டே தேர்வு, ஆகவே 15.

வாட்சைச் சும்மா உள்ளங்கையால் மூடினால் போதும், திரை அணைந்துவிடும். ஆப்பிள், சாம்சங் இரண்டிலும் வேலை செய்யும். பார்த்து முடித்ததும் ஒரு மூடு. இரண்டு நாளில் பழகிவிடும்.

படி 2: ரெய்ஸ் டு வேக்கைச் சரிசெய்யுங்கள்

கையைத் தூக்கினால் திரை எரிவது இதனால்தான். வாட்சுக்குள்ளே முடுக்கமானி என்கிற அக்ஸலரோமீட்டர் ஒன்று இருக்கிறது. கை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். நல்ல வாட்ச்களில் இதோடு கைரோஸ்கோப்பும் சேர்ந்து திருப்பத்தை அளக்கும். 'தொங்கிய கை மேலே வந்து, முகப்பு கண்ணைப் பார்க்கத் திரும்பி, ஒரு கணம் நின்றது' என்கிற கோலத்தைக் கண்டதும் திரையை ஏற்றிவிடும். பார்த்துக்கொண்டே இருக்கிற இந்த சென்சாருக்குச் செலவு மிகக் குறைவு. அது தப்பாகப் புரிந்துகொண்டு ஏற்றும் திரைக்குத்தான் செலவு.

தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் நம் பக்கத்தில் நிறைய. எண்ணூர் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனால், ஹேண்டில் பிடித்த கையில் வாட்ச் எப்போதும் முகத்தைப் பார்த்தபடிதான் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பளிச். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மேலே கம்பியைப் பிடித்து நின்றாலும் அப்படியே. அப்புறம் கேரம்.

இந்த நான்கையும் செய்யுங்கள்:

1. வாட்ச் எந்தக் கையில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். செட்டிங்ஸிலோ போனில் இருக்கும் ஆப்பிலோ இடது கை, வலது கை என்று கேட்கும். கையின் திருப்பம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மாமாவின் வாட்ச் வலது கையில், ஆப்பில் இருந்தது இடது.

2. நேரம் குறியுங்கள். பல ஆப்களில் ரெய்ஸ் டு வேக்குக்குத் தொடக்க நேரம், முடியும் நேரம் வைக்கலாம். காலை 6 முதல் இரவு 10 என்று வைத்தால் தூக்கத்தில் புரளும்போது எரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணுக்கும் நிம்மதி.

3. நேரம் குறிக்கும் வசதி இல்லாவிட்டால் ஸ்லீப் மோட் அல்லது பெட்டைம் மோடைத் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள்.

4. பைக், கேரம், ஜிம், பூப்பந்து மாதிரி கை ஆடிக்கொண்டே இருக்கும் நேரங்களில் தியேட்டர் மோட் போடுங்கள். ஆப்பிள், சாம்சங் வாட்ச்களில் இது உண்டு. சாம்சங்கில் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பேனலில் பாருங்கள்; ஆப்பிளில் பக்கத்து பட்டனை அழுத்தினால் வரும் பேனலில் நாடக முகமூடி மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தட்டிவிட்டால் கையைத் தூக்கினாலும் திரை எரியாது. இல்லாத வாட்சில் ரெய்ஸ் டு வேக்கையே கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். பட்டனை அழுத்தினால் மணி தெரியும். ஒன்றும் குடி முழுகிப்போகாது.

படி 3: ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே வேண்டுமா?

இங்கேதான் ஆளுக்கு ஆள் பதில் மாறும். கை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் மணி மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும் வசதி இது. ஆப்பிள் வாட்சில் 2019-இல் வந்த சீரிஸ் 5-இல்தான் முதலில் வந்தது. திரை ஒரு விநாடிக்கு ஒரே ஒரு தடவை மட்டும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் அளவுக்கு அதில் வேகத்தைக் குறைத்தார்கள். அதனால்தான் எப்போதும் எரியவிட்டும் 18 மணி நேரம் என்று சொல்ல முடிந்தது. மற்ற வாட்ச்களிலும் உத்தி கிட்டத்தட்ட இதுதான். நிறத்தைக் குறைப்பார்கள், விநாடி முள்ளை எடுத்துவிடுவார்கள், நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் மாற்றுவார்கள். ஒரே புள்ளி எரிந்து எரிந்து தழும்பு விழாமல் இருக்க, படத்தை அவ்வப்போது இம்மியளவு நகர்த்தியும் வைப்பார்கள்.

இத்தனை செய்தும் செலவு இருக்கத்தான் செய்கிறது. சாம்சங் 2023-இல் வெளியிட்ட கேலக்ஸி வாட்ச் 6-க்கு அவர்களே சொல்லும் கணக்கு: ஆல்வேஸ் ஆன் இல்லாமல் 40 மணி நேரம், இருந்தால் 30 மணி நேரம். நாலில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு வாரம் தாங்கும் என்று விற்கிற சாதா அமோலெட் வாட்ச்களில் அடி இன்னும் பலமாக விழும். அவை மற்ற நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யாமல் தூங்குவதால்தான் அத்தனை நாள் வருகின்றன. தூங்கவிடாமல் செய்தால் நாள் குறையாமல் என்ன செய்யும்?

ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை வைத்திருக்கும் நண்பனைப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து அவன் இரண்டு கையும் கிண்ணத்துக்குள்தான். மணிக்கட்டு ஏற்கெனவே மேலே இருப்பதால் தூக்கிக் காட்ட வழியில்லை. எண்ணெய்க் கையால் தொடவும் முடியாது. அவனுக்கு ஆல்வேஸ் ஆன் தேவைதான். கறுப்புப் பின்னணியில் வெறும் எண்கள் மட்டும் இருக்கிற ஃபேஸ் வைத்துக் கொடுத்தேன். ராத்திரி கடை கட்டியதும் சார்ஜ் போட்டுவிடுகிறான்.

தினமும் ராத்திரி சார்ஜ் போடத் தயார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவைதான் சார்ஜரைத் தேடுவேன் என்கிற ஆள் என்றால் அணைத்துவிடுங்கள். எல்சிடி வாட்சாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அணைத்துவிடலாம்.

ஒரு சந்தேகம் வரும்: ஆல்வேஸ் ஆன் வைத்திருந்தால் ரெய்ஸ் டு வேக் எதற்கு? மங்கலாகத் தெரிகிற மணியே உங்களுக்குப் போதுமென்றால் ரெய்ஸ் டு வேக்கை அணைத்துவிடலாம். இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் பேட்டரிக்கு இரட்டை அடி.

படி 4: தொட்டால் எரிவதும் தண்ணீரும்

டச் டு வேக் பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. ஈரத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை. டச் ஸ்கிரீன் விரலை உணர்வது விரல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால். உப்புத் தண்ணீரும் நன்றாகவே கடத்தும். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் கூடை தூக்குகிறவர் கையில் வாட்ச் இருந்தால், சொட்டுகிற தண்ணீரே திரையைத் தட்டி எழுப்பும். சில நேரம் யாருக்காவது போன்கூடப் போட்டுவிடும். அங்கே டச் டு வேக்கை அணைத்துவிட்டு பட்டனை மட்டும் நம்புங்கள். தண்ணீர் பட்டாலும் திரை தொடுதலுக்கு மசியாமல் பூட்டி வைக்கும் வாட்டர் லாக் இருந்தால் வேலை தொடங்கும் முன் போட்டுவிடுங்கள்.

சொல்ல மறந்தேன்: தூசி, தண்ணீர் தாங்கும் என்பதற்கான ஐபி68 தரக்குறியீடு போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீர் பட்டால் வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

படி 5: மிச்சம் மீதி

பிரைட்னஸை வீட்டுக்குள் பாதிக்குக் கீழே வையுங்கள். ஆட்டோ இருந்தால் ஆட்டோ. தண்டையார்பேட்டை தாண்டி மெட்ரோ சுரங்கத்திலிருந்து வெயிலுக்கு ஏறும்போது தானே கூட்டிக்கொள்ளும், இறங்கினதும் குறைத்துக்கொள்ளும். நோட்டிஃபிகேஷன் வரும்போதெல்லாம் திரை எரிகிறதா என்று பாருங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் காலை வணக்கப் படம் நாற்பது வந்தால் நாற்பது தடவை எரியும். வாட்சுக்கான ஆப்பில் போய் வாட்ஸ்ஆப் நோட்டிஃபிகேஷனையே நிறுத்தலாம், அல்லது போனில் அந்த குரூப்பை மட்டும் மியூட் செய்யலாம். ப்ளூடூத் காலிங்கில் வாட்சிலேயே அரைமணி நேரம் பேசினால் மேலே சொன்ன எல்லா மிச்சமும் கரைந்துவிடும்.

படி 6: ஒன்றொன்றாகச் சோதியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது. ராத்திரி முழுசாகச் சார்ஜ் போடுங்கள். காலை எழுந்ததும் எத்தனை சதவீதம், ராத்திரி படுக்கும்போது எத்தனை சதவீதம் என்று இரண்டு நாள் காலண்டர் தாளில் குறியுங்கள். அப்புறம் டைம்அவுட்டை மட்டும் மாற்றி இரண்டு நாள். அதற்குப் பிறகு ரெய்ஸ் டு வேக், இரண்டு நாள். தூங்குகிற நேரத்தில் மட்டும் அதிகமாக இறங்கினால் திரையோடு சேர்த்து இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு பார்க்கும் அமைப்புகளையும் கவனியுங்கள். அட்டையில் போட்டிருக்கும் நாள் கணக்குக்குக் கீழே பொடி எழுத்திலும் ஒரு பார்வை. ஒரு நாளைக்கு இத்தனை தடவை கை தூக்குவார், இத்தனை நோட்டிஃபிகேஷன் வரும் என்று வைத்துக்கொண்ட கணக்கைச் சில கம்பெனிகள் அங்கே போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் கேரம் ஆடுகிறவர் இருக்க மாட்டார்.

மாமா வாட்சை இடது கைக்கு மாற்றிவிட்டார். டைம்அவுட் 5 விநாடி, ரெய்ஸ் டு வேக் காலை 6 முதல் இரவு 10, ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போகும்போது அதுவும் ஆஃப். ஆறாவது நாள் சாயங்காலம் போன் பண்ணினார். வாட்சில் இன்னும் பன்னிரண்டு சதவீதம் இருக்கிறதாம். சார்ஜரைத்தான் எங்கே வைத்தோம் என்று அக்காவும் அவரும் ஒரு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.