லண்டன் வரிசை வீட்டில் முன்பு வாழ்ந்தவர்களைக் கண்டறியும் முறை

லண்டனின் ஈஸ்ட் ஹாமில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய வரிசை வீடுகள் பலவற்றில் இன்று தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அத்தகைய வீட்டில் நமக்கு முன் யார் இருந்தார்கள் என்பதை ஆவணங்களைக் கொண்டே அறியலாம்.

முதலில் வீட்டு எண்ணைச் சரிபாருங்கள். தெருப் பெயர்களும் எண்களும் பலமுறை மாற்றப்பட்டுள்ளன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் தெரு எந்தப் பதிப்பில் முதன்முதலாகத் தென்படுகிறதோ, அதிலிருந்து வீட்டின் வயதை ஓரளவு கணிக்கலாம். ஈஸ்ட் ஹாம் 1965 வரை எசெக்ஸ் மாவட்டத்தில் இருந்ததால், தேடும்போது அந்தப் பெயரையும் பயன்படுத்துங்கள்.

அடுத்து, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். என்னைப் பொறுத்தவரை இத்தேடலின் உயிர்நாடி 1911ஆம் ஆண்டுப் படிவம்தான். அது பெரும்பாலும் குடும்பத் தலைவர் தம் கைப்பட நிரப்பியது. மணமான பெண் எத்தனை குழந்தைகளைப் பெற்றார், எத்தனை பேர் உயிரோடு உள்ளனர், எத்தனை பேர் இறந்தனர் என்று அதில் மூன்று கட்டங்கள் உண்டு; அந்த மூன்றாவது கட்டத்தைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். அறைகளின் எண்ணிக்கையும் கேட்கப்பட்டது. சமையலறையைச் சேர்த்து, குளியலறையை விட்டு எண்ண வேண்டும் என்பது விதி. ஒரே முகவரிக்கு இரண்டு படிவங்கள் கிடைத்தால், அவ்வீட்டை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன என்று கொள்ளலாம்.

1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942இல் தீக்கிரையாகின. போரினால் 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே 1939 செப்டம்பர் 29 அன்று, வீடு வீடாக வசித்தவர்களைக் குறித்து எடுக்கப்பட்ட தேசியப் பதிவேட்டை நாடுங்கள். பிற்காலத்தில் மணமுடித்த பெண்களின் குடும்பப் பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை மேலே எழுதியிருப்பதால், அவர்களை அடுத்த முகவரிகளிலும் தொடர முடியும். கறுப்பாக மறைக்கப்பட்ட வரிகள், இன்னும் உயிரோடு இருக்கக்கூடியவர்களுடையவை.

இடைப்பட்ட ஆண்டுகளை நிரப்ப, உள்ளூர் வரலாற்றுக் காப்பகத்தில் வாக்காளர் பட்டியல்களைக் கேளுங்கள். 1918க்கு முன் அவற்றில் பெண்களைக் காண்பது அரிது. 1928க்குப் பிறகே 21 வயது நிறைந்த பெண்கள் அனைவரும் இடம்பெறுகின்றனர். காமன்வெல்த் குடிமக்களுக்கும் அங்கு வாக்குரிமை உண்டு என்பதால், உங்கள் தெருவில் முதல் இந்திய, இலங்கைப் பெயர்கள் எந்த ஆண்டில் தோன்றுகின்றன என்பதையும் இப்பட்டியல்களிலேயே தேடலாம். அவர்களில் பலர் இன்றும் இருக்கக்கூடும். அவர்களது அனுமதியின்றிப் பெயர்களை வெளியிட வேண்டாம்.