அழைப்பிதழ் மாதிரியைத் திருத்த முடியாமல் பூட்டுவது

திருமண அழைப்பிதழ் மாதிரியை இணையப் பக்கத்திலேயே வாடிக்கையாளர் திருத்திக்கொள்ள விடுகிறோம். பெயரின் மேல் தட்டினால் அங்கேயே எழுதலாம். ‘அச்சுக்குப் போகலாம்’ பொத்தானை அழுத்திவிட்டால் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. தாய்மாமன் பெயரில் பட்டம் விட்டுப்போயிற்று என்று நள்ளிரவில் நினைவு வந்தால், காலையில் தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும்.

பூட்டுவது, இணையப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு வரி வேலை. திருத்தத் திறந்திருக்கும் டிவ்வை (பக்கத்தின் ஒரு பகுதியை அடக்கிய பெட்டி) எடுத்து, அதைத் திருத்தலாமா என்று சொல்லும் கன்டென்ட்எடிட்டபிள் பண்புக்கு ‘ஃபால்ஸ்’ (கூடாது) என்று மதிப்புக் கொடுங்கள். பல டிவ்கள் இருந்தால் குவெரிசெலக்டர்ஆல் என்ற கட்டளை கொண்டு அவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் அதையே செய்யுங்கள். மதிப்பை வெற்றாக விடாதீர்கள். வெற்று மதிப்புக்கு ‘ட்ரூ’ (திருத்தலாம்) என்றுதான் பொருள்.

பண்பையே நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். அந்த உறுப்பு வேறொரு திறந்த டிவ்வுக்குள் இல்லாமல் தனியாக இருந்தால் போதும். வெளி டிவ் திறந்திருந்தால், உள்ளே இருக்கும் ஸ்பானும் (வரிக்குள் சில சொற்களை அடக்கிய சிறு உறுப்பு) அதன் வழியே திறந்துகொள்ளும். எங்கள் மாதிரியில் முகூர்த்த வரி அப்படிப்பட்டது: சுற்றிலும் எல்லாம் திருத்தக்கூடியவை, அது மட்டும் கூடாது. ஆகவே அந்த ஸ்பானுக்கு வெளிப்படையாக ‘ஃபால்ஸ்’ எழுதுகிறேன். அப்படியும் உள்ளே எழுத முடியாதே தவிர, பேக்ஸ்பேஸ் அழுத்தினால் வரி மொத்தமாகப் போய்விடக்கூடும். முகூர்த்தமே இல்லாத அழைப்பிதழை யார் அச்சடிப்பது? அந்த வரியை வெளி டிவ்வுக்கு அப்பால் தனியே வைப்பதே நல்லது. பூட்டு விழுந்ததா என்பதை இஸ்கன்டென்ட்எடிட்டபிள் என்ற பண்பு சொல்லும்.

விசையை அழுத்தியதும் எழும் கீடவுன் நிகழ்வைத் தடுத்துப் பூட்டப் பார்ப்பது வீண். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பெரும்பாலும் எந்த எழுத்துக்கும் 229 என்ற எண்ணையே அனுப்பும். தடுத்தாலும் எழுத்து உள்ளே வந்து விழும். சுட்டியையும் தட்டலையும் ஏற்பதா என்று சொல்லும் பாயின்டர்ஈவன்ட்ஸை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) ஆக்கினாலும் டேப் விசை வழியாக நுழைந்துவிடலாம்.

முகவரிக்கு இன்புட் பெட்டி (படிவத்தில் எழுதும் கட்டம்) வைத்திருந்தால் அதற்கு ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) போடுங்கள். டிஸேபிள்ட் (செயலிழப்பு) போட்டால், படிவத்தை அனுப்பும்போது அந்த மதிப்பு கூடவே போகாது.

பூட்டியதும், திருத்தலாம் என்று காட்டும் புள்ளிக்கோட்டு ஓரத்தையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கம் கெட்டுவிட்டது என்பார்கள்.

இத்தனையும் உலாவிக்குள் மட்டும்தான். உலாவியிலேயே உள்ள டெவலப்பர் கருவிகளைத் திறந்து, அதே பண்பை மறுபடி ‘ட்ரூ’ ஆக்க யாராலும் முடியும். அதனால் ஒப்புதல் நேரம் பதிவான பிறகு வரும் திருத்தம் எதுவானாலும், எங்கள் சர்வர் 409 பிழை (இருக்கும் நிலையோடு முரண்படுகிறது என்ற பதில்) கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது.